எல்லாம் ஒரே கதைதானாம்

சென்ற ஞாயிறு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வாசகர் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்களுக்கும் காணொளியைப் பார்த்தவர்களுக்கும் தெரியும். "காதல் நாவல் எல்லாம் ஒரே கதைதான், அட்டைதான் வேறு" என்று மேடையில் பேசிய பெரியவர் சொன்னதும், கூட்டம் சிரித்துக் கைதட்டியதும், நன்கொடையாக வந்த புத்தகங்களை ஒரே பெட்டியில் கொட்டியதும் இன்னும் உறுத்துகின்றன.

எல்லாம் ஒரே கதை அல்ல. இருவருக்கும் நடுவில் எது தடையாக நிற்கிறது என்பதில்தான் வகை பிறக்கிறது. 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தில் நடக்கும் ரீஜென்சிக் கதையில் சொத்தும் குடும்பப் பெயரும் தடை. மர்மக் காதல் கதையில் உயிராபத்து. அமானுஷ்யக் கதையிலோ ஒருவருக்கு மட்டும் சாவில்லை என்பதே தடை. நம் தென்னாப்பிரிக்காவில் 1949 முதல் 1985 வரை வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்ளச் சட்டமே தடையாக இருந்தது. அந்தக் காலத்து டர்பனில் நடக்கும் காதலும் பிரபு வீட்டு நடன விருந்தில் தொடங்கும் காதலும் ஒன்றா? (பகைவர் காதலராவது வகை அல்ல, கதைப்போக்கு, அது எந்த வகையிலும் வரும். அதையும் குழப்பிக்கொண்டுதான் அந்தப் பெரியவர் பேசினார்.)

வகை பிரிப்பது வெள்ளைக்காரப் பதிப்பகங்களின் வியாபாரத் தந்திரம் என்று சிலர் எழுதுவீர்கள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று காதலைப் பகுத்து, ஒருதலைக் காதலான கைக்கிளையையும் பொருந்தாக் காதலான பெருந்திணையையும் தனியே வைத்த தொல்காப்பியர் எந்தப் பதிப்பகத்தில் சம்பளம் வாங்கினார்? மேடைதோறும் ஐந்திணை பேசுகிறவருக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிப்பது என்பீர்கள். துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதானே பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்தோம்? பழைய நாவல்களில் நாயகன் பெண்ணை மிரட்டுவான் என்பது உண்மை. அதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது.

என் அம்மா துணித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். பேருந்தில் ஆங்கில டாக்டர், நர்ஸ் காதல் கதைகளை மட்டுமே படிப்பார். சரித்திரக் காதலைக் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார். நூலகத்தில் எடுத்ததையே மறுபடி எடுக்காதிருக்க, கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் ஒரு பொட்டு வைப்பார். "அவருக்கே வேறுபாடு தெரியவில்லையே" என்று சிரிக்க வேண்டாம். ஒன்றுபோல இருந்தவை அட்டைகள்தாம். அந்தக் கதைகளில் கற்ற ஆங்கிலத்தில்தான் என் பள்ளி விண்ணப்பத்தை அவர் நிரப்பினார்.

எனவே கூட்டம் சிரித்தபோது, அம்மாவைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது. இது வாதமாகாது என்று எனக்கும் தெரியும். பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. வகைவாரியாக அடுக்கி முடிக்கும்வரை தரமாட்டேன் என்று குழுவினரிடம் சொல்லிவிட்டேன்.