எந்த டிவியில போட்டான்?

தமிழ்நாட்டில் ஓர் அரசியல் செய்தியைச் சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "எந்த டிவியில போட்டான்?" என்றுதான். இதை நம் மக்களின் விழிப்புணர்வு என்று நண்பர்கள் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்தது உண்மையா என்று விசாரிக்கும் பழக்கம் போய், காட்டியது யார் என்று பார்த்தவுடனேயே முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

2001 ஜூன் 30 அதிகாலையை நினைத்துப் பாருங்கள். சென்னை மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்ற வழக்கில் கருணாநிதியைக் கைது செய்ய போலீஸ் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. 77 வயதுத் தலைவரை இழுத்துச் செல்லும் காட்சியும் அவருடைய அலறலும் திமுக சார்பு சன் டிவியில் திரும்பத் திரும்ப ஓடின. அதிமுக சார்பு ஜெயா டிவியோ, தாக்கப்பட்டது போலீஸ்தான் என்று சொல்லும் காட்சிகளைப் போட்டது. ஒரே வீடு, ஒரே இரவு, இரண்டு கதை. விவகாரம் டெல்லி வரை போய், ஆளுநர் பாத்திமா பீவியைத் திரும்பப் பெற மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர் பதவி விலகினார். கேமரா நம் கையில் இருந்தாக வேண்டும் என்பது அன்றைக்கு எல்லாக் கட்சித் தலைமைக்கும் புரிந்துபோனது.

அப்புறம் வரிசையாக வந்தன. பாமகவுக்கு 2006இல் மக்கள் டிவி, விஜயகாந்தின் தேமுதிகவுக்கு 2010இல் கேப்டன் டிவி, காங்கிரஸ் பிரமுகர்களுக்கு வசந்த், மெகா. ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையில் நின்றுவிட்டதும் அதிமுகவுக்கென்று 2018இல் நியூஸ் ஜெ தொடங்கியது.

இதில் 2007ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். கருணாநிதிக்கு அடுத்து யார் என்று, சன் டிவியை நடத்தும் அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்தின் தினகரன் நாளிதழ் வெளியிட்ட கருத்துக்கணிப்பால், மே 9 அன்று மதுரையில் அந்தப் பத்திரிகை அலுவலகம் தாக்கப்பட்டது. ஊழியர்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார். நான்கே மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, சன் டிவிக்குப் பதிலாகத் திமுகவுக்கென்று கலைஞர் டிவி வந்துவிட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் குடும்பம் ஒன்றானபோது "கண்கள் பனித்தன, இதயம் இனித்தது" என்றார் கருணாநிதி. வேலைக்குப் போன இடத்தில் உயிரை விட்ட அந்த மூன்று பேரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு குடும்பத்தின் உறவும் பகையும் ஒரு மாநிலம் பார்க்கும் செய்தியைத் தீர்மானித்த காலம் அது.

சரி, இத்தனை டிவி வைத்து ஓட்டை வாங்க முடிந்ததா? கணக்கைப் பாருங்கள். 2001 மே மாதம் சன் டிவி உச்சத்தில் இருந்தது, திமுக தோற்றது. 2011இல் சன், கலைஞர் இரண்டும் பக்கத்தில் இருந்தன, அரசு கொடுத்த இலவச கலர் டிவி ஊரெல்லாம் இருந்தது. திமுகவுக்குக் கிடைத்தது 23 இடம். அதே தேர்தலில் விஜயகாந்த் பிரச்சார வேனில் தன் கட்சிக்காரரை அடிப்பது போன்ற காட்சியை ஓயாமல் போட்டார்கள். தேமுதிக 29 இடங்களில் ஜெயித்து எதிர்க்கட்சியானது. மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்தவரின் மனதை டிவியால் மாற்ற முடியவில்லை.

ஆகவே வாக்காளர் ஏமாளி என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். அதிகம் மாறியது கட்சிகள்தான். பொதுக்கூட்டப் பேச்சு அரை நிமிடத் துண்டாக வெட்டுவதற்கு ஏற்றபடி தயாராகிறது. இருபது வருடம் கட்சியின் வார்டு அளவிலான வட்டத்தில் வேலை பார்த்தவரை விட, விவாத மேடையில் குரல் உயர்த்தத் தெரிந்தவருக்குத் தலைமையிடம் மரியாதை அதிகம். எதிர்க்கட்சி கூட்டத்தின் காலி நாற்காலியைப் படமெடுப்பது ஒரு கட்சிப் பணியாகிவிட்டது. இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது காட்டாமல் விடுவதில்தான். ஆளுங்கட்சி சார்ந்த டிவியில் குடிநீருக்காகக் காலிக் குடத்தோடு உட்காரும் பெண்கள் வரமாட்டார்கள். ஆட்சி மாறினால் அதே பெண்கள் அதே டிவியில் தலைப்புச் செய்தி. அவர்களுக்குத் தண்ணீர் இரண்டு ஆட்சியிலும் வந்திருக்காது.

2016 தேர்தலுக்கு முன்பே மீம் வந்துவிட்டது. விஜயகாந்தின் பேச்சுத் தடுமாற்றத்தை வெட்டி ஒட்டி வருடக்கணக்கில் சிரித்தோம். அந்தத் தேர்தலில் அவர் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார், கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. கூட்டணிக் கணக்கு தப்பியது முக்கியக் காரணம்தான். ஆனால் உடல்நலம் குன்றிய மனிதரை அப்படிக் கேலிப்பொருளாக்கியது அநியாயம், அது அவரைத் தலைவராகவே பார்க்க முடியாதபடி செய்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

டிவிக்காவது முதலாளி பெயர் ஊருக்குத் தெரியும். இன்று யூடியூப் சேனல்களுக்கும் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களுக்கும் பின்னால் எந்தக் கட்சியின் ஐடி விங் இருக்கிறது, யார் பணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்குப்பதிவுக்கு 48 மணி நேரம் முன்பு பிரச்சாரம் ஓய வேண்டும் என்கிறது சட்டம். மைக் ஓய்கிறது, போன் ஓய்வதில்லை.

அரசியல் கட்சிகளுக்கு ஒளிபரப்பு உரிமம் தரக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் 2014இலும் பரிந்துரைத்தது. எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் குறைந்தபட்சம் இரண்டு காரியம் செய்யலாம். அரசியல் பேசும் ஒவ்வொரு சேனலும், யூடியூப் உட்பட, உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் திரையிலேயே போட வேண்டும். சமூக ஊடகச் செலவைத் தேர்தல் ஆணையம் 2013 முதல் வேட்பாளர்களிடம் கேட்கிறது. வேட்பாளர் பெயரே இல்லாமல் அவருக்காக வேலை செய்யும் பக்கங்களுக்குப் போகும் பணத்தையும் அந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டும். உங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் இந்த இரண்டையும் அவரிடம் கேளுங்கள்.