டவுன்வோட் போடும் கை எடிட் பொத்தானுக்கும் போகட்டுமே

நேற்று இரவு ஒரு நண்பர் கோபமாக அழைத்தார். கேள்வி-பதில் தளம் ஒன்றில் வாழ்க்கையில் முதன்முறையாகப் பதில் எழுதியிருக்கிறார். அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதியதற்குக் கிடைத்தது மைனஸ் 2, அதாவது இரண்டு பேரின் டவுன்வோட் (பதில் சரியில்லை என்னும் எதிர்வாக்கு). "என்ன தப்புன்னு ஒருத்தரும் சொல்லலடா" என்றார்.

இணைப்பை வாங்கிப் படித்தேன். பதிலில் தப்பே இல்லை. ஆனால் விடை நான்காவது பத்தியில் ஒளிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் மூன்று பத்திக்கு முன்னுரை. நிரல் வரிகளும் உரையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவரிடம் கேட்டுக்கொண்டு விடையை மேலே ஏற்றி, நிரலைத் தனியாகப் பிரித்துப் போட்டேன். நான்கு நிமிட வேலை. அந்த இரண்டு பேரும் டவுன்வோட் போடச் செலவழித்தது ஆளுக்கு ஒரு விநாடி இருக்குமா?

என் ஆதங்கம் இதுதான். இந்தத் தளங்களில் வாக்குக்கு இருக்கும் மவுசு திருத்தத்துக்கு இல்லை.

2008-இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைத் தளங்களில் பல, விதிகளை அங்கிருந்துதான் கடன் வாங்கின. பதிலுக்கு ஒரு அப்வோட் (ஆதரவு வாக்கு) விழுந்தால் எழுதியவருக்கு 10 மதிப்புப் புள்ளி. டவுன்வோட் விழுந்தால் 2 போகும். பதிலுக்கு டவுன்வோட் போடுபவரும் தன் கையிலிருந்து 1 புள்ளி இழக்க வேண்டும். அழகான ஏற்பாடு, ஒருவரைக் குறைத்து மதிப்பிட நீயும் கொஞ்சம் செலவழி என்கிறது. ஆனால் கேள்விக்கு டவுன்வோட் போட்டால் போடுபவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. புதிதாக வருபவர் முதலில் செய்வது கேள்வி கேட்பது. அடியும் அங்கேதான் விழுகிறது. கேள்விக்கு விழும் அப்வோட்டுக்கு ரொம்ப நாள் 5 புள்ளிதான் கொடுத்தார்கள், 2019-இல்தான் அதையும் 10 ஆக்கினார்கள்.

சரி, திருத்தத்துக்கு என்ன கொடுக்கிறார்கள்? 2000 புள்ளி சேரும்வரை நீங்கள் செய்யும் திருத்தம் வெறும் பரிந்துரைதான். மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் 2 புள்ளி. அந்த வழியில் வாழ்நாள் முழுக்க மொத்தம் 1000 புள்ளிக்குமேல் சேர்க்கவும் முடியாது. 2000-ஐத் தாண்டிவிட்டால் நேரடியாகத் திருத்தலாம், புள்ளி கிடையாது. ஒரு குழப்பமான பதிலை உட்கார்ந்து நேராக்கினால் அதற்கப்புறம் விழும் அப்வோட் எல்லாம் எழுதியவர் கணக்குக்கே போகும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் புள்ளிக்காக ஓடும் இடத்தில் புள்ளியே இல்லாத வேலையை எத்தனை பேர் செய்வார்கள்?

இத்தனைக்கும் அந்த வடிவமைப்பு திருத்தத்தை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் போட்ட வாக்கு ஐந்து நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும், அப்புறம் மனம் மாறினாலும் எடுக்க முடியாது. அந்தப் பதிவை யாராவது திருத்தினால் மட்டும் பூட்டு திறக்கும். எழுத்து மாறியிருக்கிறது, உன் முடிவையும் மாற்றிக்கொள்ளலாம் என்று வழி விடுகிறது. பிரச்சினை, மைனஸ் போட்டவர் அந்தப் பக்கமே திரும்பி வருவதில்லை.

பழைய பதில்களின் கதை இன்னும் மோசம். பைத்தான் என்னும் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய, அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் (print) கட்டளை வரியோடு நிற்கும் பதில்களை இன்றும் பார்க்கலாம். பைத்தான் 3-இல் அப்படியே போட்டால் பிழைதான் வரும். ஒரு பதில் பல வருடங்களாகச் சேர்த்த வாக்குமலையை இன்று நாம் பத்துப் பேர் டவுன்வோட் போட்டு இறக்க முடியாது. இரண்டு அடைப்புக்குறி சேர்த்தால் போதும். அதிலும் ஒரு வேடிக்கை: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பரிந்துரைக்கும் திருத்தம் குறைந்தது 6 எழுத்தாவது மாற்ற வேண்டும். இரண்டே எழுத்தில் தீரும் நோய்க்கு ஆறு எழுத்து மருந்து! உப்புச்சப்பில்லாத திருத்தங்கள் குவியாமல் இருக்கத்தான் அந்த விதி, காரணம் புரிகிறது. ஆனாலும் கை பரபரக்கும்.

திருத்தம் என்றால் எதையும் மாற்றலாம் என்றில்லை. நானே ஒரு காலத்தில் அந்த அட்டூழியம் செய்திருக்கிறேன். ஒருவர் தன் நிரல் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தார். நான் அதை அழகுபடுத்தும் ஆர்வத்தில், விட்டுப்போயிருந்த ஒரு அரைப்புள்ளியையும் சேர்த்துவிட்டேன். அவர் பிரச்சினையே அந்த அரைப்புள்ளிதான்! கேள்வியிலிருந்து கேள்வியையே எடுத்துவிட்டேன். அவர் பழைய வடிவத்துக்குத் திருப்பிவிட்டு, "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதினார். நியாயம்தான். சொல்லும் விதத்தில் கை வைக்கலாம், சொல்ல வந்ததில் கூடாது. அன்று பட்ட வெட்கத்தில் கற்றுக்கொண்டது.

அதேபோல் டவுன்வோட்டே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்.கியூ.எல். வரிக்குள் ஒட்டச் சொல்லும் பதிலைப் பார்த்தால் நான் யோசிக்காமல் மைனஸ் போடுவேன். அது தரவுத்தளத்தின் கதவைத் திறந்துவைக்கும் வேலை. அடுத்து வருபவர் நம்பி எடுத்துப் போய்விடக் கூடாது. நான் சொல்வது சரியாக இருந்தும் சரியாகச் சொல்லப்படாத பதில்களைப் பற்றி.

இதையெல்லாம் யோசித்து, நான் எழுதும் சின்னத் தளம் ஒன்றில் போன மாதம் ஒரு வசதியைப் பரிந்துரைத்தேன். டவுன்வோட் அழுத்தியதும் "இதை நீங்களே சரிசெய்ய முடியுமா?" என்று ஒரு வரி தோன்ற வேண்டும், பக்கத்திலேயே எடிட் பொத்தான். அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் டவுன்வோட் போடக் கூடாது என்ற பழைய கோரிக்கை இல்லை இது. அது இத்தகைய தளங்களில் திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்ப மறுக்கப்படுவது, அதற்கு நியாயமும் உண்டு. காரணம் எழுதச் சொன்னால் நாலு எழுத்தை உளறிவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் காரணம் எழுதியவர் பழிவாங்கப்படுவார்.

மைனஸ் 7 வாங்கினேன். முதலில் முகம் சுண்டிப்போனது. அப்புறம்தான் உறைத்தது, பரிந்துரைப் பகுதியில் டவுன்வோட் என்றால் 'உன் எழுத்து மோசம்' என்று பொருளில்லை, 'எனக்கு இந்த யோசனையில் உடன்பாடில்லை' என்றுதான் பொருள். ஒரே அம்புக்குறிக்கு இங்கே ஒரு அர்த்தம், அங்கே வேறு அர்த்தம் வைத்தவர்களைத் தனியாகத் திட்ட வேண்டும். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கருத்து எழுதியிருந்தார்: அப்படிப் பொத்தான் வைத்தால், கோபத்தில் டவுன்வோட் போட வந்தவர் அதே கோபத்தோடு எடிட் செய்ய உட்கார்ந்துவிடுவார் என்று. அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பரிந்துரை இன்னும் அந்த மைனஸ் 7-லேயே நிற்கிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன். தலைப்பில் நான் விட்டிருந்த ஒரு ஒற்றுப்பிழையை யாரோ திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.