மூக்கு போடும் வரிசை

ஏற்காட்டு மலைப்பாதையில் இளைஞர்கள் சாக்குப்பையோடு பிளாஸ்டிக் பொறுக்கும் படங்கள் வாராவாரம் என் முகநூலில் வருகின்றன. நல்ல பிள்ளைகள். விருப்பக்குறி போட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். ஆனால் சேலம் மாவட்டத்தின் சுற்றுச்சூழல் ஆபத்துகளை வரிசைப்படுத்தச் சொன்னால், கொண்டை ஊசி வளைவில் கிடக்கும் சிப்ஸ் கவருக்கு நான் கடைசி வரிசையில்தான் இடம் கொடுப்பேன். கோபித்துக்கொள்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இந்த வரிசையை மூக்கும் கண்ணும்தான் போடுகின்றன. நகருக்குள் திருமணிமுத்தாறு நாறுகிறது, அதனால் பேசுகிறோம். மேக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளைத் தூசு கண்ணில் படுகிறது, அதனால் பேசுகிறோம். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றம் ஊரையே தூக்கியது. மக்கள் சத்தம் போட்டார்கள். இன்று பல ஆலைகள் அதே கழிவிலிருந்து எரிவாயு எடுத்து எரிக்கின்றன. சத்தம் போட்டால் பலன் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. நாறாத ஆபத்துக்கு யார் சத்தம் போடுவது?

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 1987-ல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் அதிகாரிகளும் வல்லுநர்களுமாக சுமார் 75 பேரை உட்காரவைத்து, 31 பிரச்சினைகளை ஆபத்தின் அளவுப்படி எடைபோடச் சொன்னது. முகமையின் பணமும் உழைப்பும் வல்லுநர்கள் பெரிது என்று சொன்னவற்றை விட, மக்கள் அஞ்சியவற்றின் பின்னாலேயே அதிகம் போயிருந்தன என்று தெரிந்தது. ரசாயனக் கழிவுக் கிடங்குகளுக்கு மக்கள் நடுங்கினார்கள். வல்லுநர்கள் மேலே வைத்தவற்றில் பூச்சிக்கொல்லியும் இருந்தது.

என் கணக்கில் முதலிடம் நிலத்தடி நீருக்கு. நம் மாவட்டத்துப் பிர்காக்களில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவுகளில்) பெரும்பகுதி, மழை ஊட்டுவதை விட அதிகமாக உறிஞ்சப்படுபவை. கீழே இருப்பது கடினப்பாறை. விரிசலில் தேங்கியதுதான் தண்ணீர். ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டும் புகைதான் வந்தது என்று சொல்லாத ஊர் இந்தப் பக்கம் ஏது? பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிச்சல் கிடையாது. தொடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை வரவேற்றவன் நான். ஆனால் அணை நிரம்பி வழிகிற வருடத்தில்தானே அந்தத் தண்ணீர் ஏரிக்கு வரும்?

ஆழத்தை விட மோசம், அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பது. பாறையிலிருந்து ஃபுளோரைடு, யூரியாவிலிருந்தும் கழிவறைக் குழிகளிலிருந்தும் நைட்ரேட். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க அக்கறையாகத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற தாய்க்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா? டவுனில் ஆர்.ஓ. மெஷின் மாட்டிய வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. அதனால்தான் டவுனில் இது செய்தியும் இல்லை.

அடுத்தது மருந்தடிப்பு. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் நின்று பாருங்கள். முதுகில் டேங்க், அதன் மூடியிலிருந்து கசிவது சட்டையை நனைத்து இடுப்பு வரை இறங்குகிறது. மூக்கில் ஒரு துண்டு. கையுறை இல்லை. எதை எதோடு கலப்பது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்கிறார். அடிப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் அல்ல, கூலிக்கு வந்தவர். குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு கொடுக்க அவர் வருவதில்லை. தற்கொலைகளைக் கருதி மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிமருந்துகளைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததே, எத்தனை நாளைக்கு? 60 நாள். மாநிலத்துக்குச் சட்டம் விட்டுவைத்த அதிகாரம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

வழி இல்லாமலும் இல்லை. மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து செடிகளின் குருத்தைச் சுருட்டியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. ஒரு துளி மருந்து தேவையில்லை. இந்தச் செய்திக்கு எத்தனை பேர் விருப்பக்குறி போட்டீர்கள்?

மலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எனக்கு முதல் கவலை, நாட்டு மரங்களின் நிழலில் இருந்த காப்பித் தோட்டங்கள் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் தோட்டங்களாக மாறுவதும், விடுதிகள் மலை மேலேயே போர் போடுவதும். மேலே மண்ணுக்குள் இறங்காத மழை கீழே எந்தக் கிணற்றுக்கும் வராது. குப்பையை நாளைக்குக்கூடப் பொறுக்கிக்கொள்ளலாம். வற்றிய ஊற்றை எந்தச் சாக்கில் பிடிப்பது?

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. ஊராட்சி போர்களின் ஃபுளோரைடு, நைட்ரேட் அளவைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லி ஒரு தீர்மானம் கேளுங்கள். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியும், அதில் பயிற்சி பெற்ற பெண்களும் பல ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள். பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் முதலில் கேளுங்கள்.