உமியில் சிலிக்கான் இருந்தால் அது பிளாஸ்டிக் பூச்சா?

அம்பாசமுத்திரம் வயல் நெல்லின் உமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து எக்ஸ் கதிர் நிறமாலை எடுத்ததில் சிலிக்கான் தெரிந்தது, ஆகவே அது பிளாஸ்டிக் பூச்சு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

நிறமாலையில் பிழை இல்லை. எக்ஸ் கதிர் ஆற்றல் 1.74 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உள்ள இடத்தில் உச்சி எழுந்தால் அது பெரும்பாலும் சிலிக்கான்தான். ஆனால் அந்தக் கருவி தனிமத்தை மட்டுமே சொல்லும். அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்று சொல்லாது. சிலிக்கோன் என்ற செயற்கைப் பொருளின் பெயர் இதைப் போலவே ஒலிப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த இயற்கைச் சேர்மம். நெற்பயிர் மண்ணில் கரைந்துள்ள சிலிக்காவை வேரால் உறிஞ்சி, இலையிலும் உமியிலும் சேர்த்துவைக்கிறது. நுண்ணோக்கியில் உமியின் வெளிப்புறம் வரிசை வரிசையான மேடுகளாகத் தெரியும். சிலிக்கா அங்கேதான் செறிந்திருக்கும். நாற்று வயலில் இறங்கியவர்களின் கையைத் தோகை அறுப்பதும் இதனால்தான்.

ஆய்வகம் வேண்டாம். களத்தில் நீங்களே அடித்த நெல்லின் உமியில் 100 கிராம் எடுத்து, கரி நீங்கி வெளுக்கும்வரை எரியுங்கள். பிளாஸ்டிக் போல உருகி ஒட்டாது, ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பங்கு சிலிக்காதான். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியபோது பல்லில் நறநறத்ததும் அதுவே.