உதவி எண்டு போட்டு நம்பர் சேக்கிற பேஜ்காரருக்கு

கனநாளா எழுதவேணும் எண்டு நினைச்ச விசயம், இந்தக் கிழமை ஒரு எக்செல் ஷீட் கண்ணில பட்டதால இண்டைக்கு எழுதிறன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கிளிநொச்சிப் பக்கம் பேஜ் நடத்திற, விளம்பரம் போட்டுக் குடுக்கிற எங்களைப் போல ஆக்கள் இருக்கிற வட்ஸ்அப் குரூப் ஒண்டில அந்த ஷீட் வந்தது. தையல் வகுப்பு விளம்பரம் ஒண்டுக்கு பேஸ்புக் போமில விழுந்த லீட்டுகள், அதாவது விளம்பரத்தை அமத்திப் பேர் குடுத்த ஆக்களின்ர விபரம். பேர், போன் நம்பர், ஊர், வயசு, பிள்ளையள் எத்தினை, கடைசிக் கட்டத்தில "குடும்பத் தலைவர் யார்?" எண்டு ஒரு கேள்வி. ஊருக்கு நேர மல்லாவி, ஒட்டுசுட்டான், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு போகுது. கடைசிக் கட்டத்தில ஒராள் "நான்தான்" எண்டு எழுதியிருக்கிறா, இன்னொராள் "கணவர் காணாமல் போனவர், நானும் மகளும்" எண்டு எழுதியிருக்கிறா. ஷீட்டைப் போட்டவர் கீழ எழுதினது: "நல்ல லீட், லோன் குடுக்கிற கம்பனியை ஆரும் கஸ்டமரா வச்சிருந்தா குடுங்கோ."

தையல் பழக ஆசைப்பட்டுப் பேர் குடுத்த பொம்பிளையின்ர நம்பர் லோன்காரன்ர கைக்குப் போகுது. அதோட அவ வீட்டில ஆம்பிளை இல்லை எண்ட செய்தியும் சேர்ந்து போகுது. நுண்கடன் எங்கட பொம்பிளையளை என்ன பாடு படுத்தினது எண்டு இஞ்ச ஆருக்கும் புதுசாச் சொல்லத் தேவையில்லை, 2018 இல அரசாங்கமே வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பிளையள் எடுத்த நுண்கடனில ஒரு லட்சம் வரைக்கும் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. பிறகும் இப்பிடி ஒரு ஷீட்டை குரூப்பில எறியிறதுக்கு ஒரு மனம் வேணும்.

கேட்டா என்ன சொல்லுவினம்? "சனம் தாங்களா நிரப்பினதுதானே, நாங்கள் ஒருத்தரையும் வெருட்டேல்லையே." இந்தக் கதையிலதான் எனக்குப் பத்திக்கொண்டு வாறது.

வன்னிச் சனம் போம் நிரப்பிப் பழகின சனம் ஐயா. 2009 இல, சண்டையால இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த மெனிக் பாம் முகாமில தொடங்கினது, முகாம் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, ஜி.எஸ் (கிராம சேவகர்) இட்ட பதிவு, பிறகு ஒவ்வொரு என்.ஜி.ஓ வும் வந்து வந்து பதிவு, இந்தியன் வீட்டுத்திட்டத்தில வீடு கட்டக் குடுத்த ஐஞ்சரை லட்சம் ரூபாவுக்கு ஆருக்கு முன்னுரிமை எண்டு பாக்கிறதுக்குப் பதிவு, கோழி குடுக்கிறதுக்குப் பதிவு, தையல் மெசின் குடுக்கிறதுக்குப் பதிவு. போமில பேர் இல்லையெண்டா பயனாளி லிஸ்டிலயும் பேர் இல்லை. எவ்வளவு கஷ்டத்தைச் சொல்லுறமோ அவ்வளவுக்குக் கிடைக்கும் எண்டு சனத்துக்கு வருசக்கணக்கா பழக்கிவிட்டாச்சு, அதால வெக்கத்தை விட்டு எல்லாத்தையும் எழுதும். அதே சனத்தின்ர கையில இப்ப போன் இருக்கு, விளம்பரத்தில "பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு முன்னுரிமை" எண்டு போட்டா அவை அதை விளம்பரமாப் பாக்க மாட்டினம், வாழ்வாதார உதவி எண்டுதான் பாப்பினம். இது தெரிஞ்சுதான் அந்தச் சொல்லைப் போடுறாங்கள். தெரியாமப் போட்டவன் ஒருத்தனையும் நான் இன்னும் காணேல்லை.

பேஸ்புக் போமே சுகமாக்கி வச்சிருக்கிற ஒரு சாமான். அமத்தின உடன பேரும் நம்பரும் புரொபைலில இருந்து தானா வந்து நிக்கும், ஆள் ஒண்டும் எழுதத் தேவையில்லை, ரெண்டு அமத்தல், முடிஞ்சுது. எங்கட வயசுபோன அம்மாக்களின்ர எக்கவுண்டைத் திறந்து குடுத்தது மகனோ மருமகனோ, அதில கிடக்கிறதும் அவன்ர நம்பர்தான். அதால அம்மா அமத்த மகனுக்கு கோல் போகுது, அவன் கட்டாரில நிண்டு "ஆர் நீங்கள்" எண்டு கேக்கிறான். இதை அனுமதி எண்டு எந்தக் கணக்கில எழுதிறது?

சட்டம் இல்லாமலும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு பாராளுமன்றத்தில பாஸாகி இருக்கு. 2025 மார்ச் 18 இல இருந்து முக்கியமான பகுதியள் வரும் எண்டு திகதி குறிச்சு, பிறகு அதைத் தள்ளிப்போட்டு, அந்த வருசமே திருத்தமும் கொண்டுவந்தவை. இந்த இழுபறியைக் காட்டித்தான் எங்கட ஆக்கள் "அது இன்னும் வரேல்லை மச்சான்" எண்டு தப்பிக்கிறது. ஆனா அதில எழுதியிருக்கிறதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. என்ன தேவைக்கு எடுக்கிறாய் எண்டு சொல்லித்தான் எடுக்கவேணும், அந்தத் தேவைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கவேணும், ஆள் விளங்கி, கட்டாயம் இல்லாமல் தந்ததுதான் அனுமதி, தந்ததைத் திருப்பி எடுக்கவும் அவருக்கு உரிமை இருக்கு. விளம்பர மெசேஜ் அனுப்புறதுக்கும் அனுமதி வேணும், "இனி அனுப்பாதேங்கோ" எண்டு காசு செலவில்லாமல் சொல்லுறதுக்கு வழியும் வைக்கவேணும். மீறினா ஒரு கோடி ரூபா வரைக்கும் தண்டப்பணம் போடலாம். தையல் வகுப்புக்குத் தந்த நம்பரை லோனுக்கு விக்கிறது இதில எதுக்குள்ள அடங்கும்?

சட்டத்தை விடுங்கோ, பேஸ்புக்கின்ர விதியையாவது பாருங்கோ. நோய் வருத்தம், சமயம், இனம், ஐடென்டிகாட் நம்பர், காசு விபரம் இதெல்லாம் பேஸ்புக்கின்ர அனுமதி இல்லாமல் போமில கேக்கேலாது. பிரைவசி பொலிசி லிங்க் இல்லாமல் போமே செய்யேலாது. அதுக்கு எங்கட ஆக்கள் செய்யிற வேலை என்னெண்டா, அந்த இடத்தில தங்கட பேஜின்ர லிங்க்கையே போட்டுட்டு விடுறது. அமத்திப் பாத்தா போன மாசத்துப் பிறந்தநாள் வாழ்த்து வருது.

இதில எனக்கு இன்னும் எரியிறது காணி விக்கிற பேஜ்களைப் பாக்கேக்கை. மாங்குளத்தில, பரந்தனில ஏ9 ஓரம் காணி எண்டு பாரிசுக்கும் ஜேர்மனிக்கும் விளம்பரம் ஓட்டுறவை. ஐரோப்பாவில இருக்கிற ஆளைக் குறிவச்சு சாமான் வித்தா, 2018 மே 25 இல இருந்து நடைமுறையில இருக்கிற ஜிடிபிஆர் எண்ட ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கிளிநொச்சியில இருக்கிறவனையும் பிடிக்கும். அது அவைக்குத் தெரியும், ஆரோ வெளிநாட்டில இருக்கிற பங்காளி சொல்லியிருப்பார். அதால அந்தப் போமில பெட்டி வச்சு, டிக் வச்சு, "உங்கள் விபரம் வேறு எவருக்கும் வழங்கப்படாது" எண்டு நல்ல தமிழில எழுதியும் இருக்கும். அதே ஆள் செய்யிற உள்ளூர் விளம்பரத்தில ஒரு வரியும் இல்லை. பாரிஸ் லாச்சப்பலில இருக்கிற அண்ணைக்கு இருக்கிற மரியாதை ஒட்டுசுட்டான் அக்காவுக்கு இல்லையோ?

சின்னக் கடைக்காரர் லோயர் பிடிச்சு இதெல்லாம் செய்யேலாது எண்டது எனக்கும் தெரியும், உரக்கடை வச்சிருக்கிறவருக்கு இது தலையிடிதான். ஆனா செய்யவேண்டியது அவ்வளவு பெரிய வேலை இல்லை. பேரும் நம்பரும் காணும், மிச்சத்தை கோல் எடுத்துக் கேளுங்கோ. எதுக்குக் கேக்கிறம், ஆர் கோல் எடுப்பினம் எண்டு போமின்ர முதல் பக்கத்திலயே ஊர்த்தமிழில ரெண்டு வரி எழுதுங்கோ. வட்ஸ்அப்பில பிறகும் விளம்பரம் அனுப்பப் போறீங்கள் எண்டா அதுக்குத் தனியா ஒரு பெட்டி, விரும்பினா மட்டும் டிக் பண்ற மாதிரி, பேஸ்புக்கில அந்த வசதி இருக்கு. இறக்கின ஷீட்டை ஒராள் மட்டும் வச்சிருங்கோ. பேஸ்புக் 90 நாளைக்குப் பிறகு லீட்டை இறக்க விடாது, ஆனா நீங்கள் இறக்கினது உங்கட போனில வருசக்கணக்கா கிடக்கும், வகுப்பு முடிஞ்சா அழியுங்கோ. போன் திருத்தக் குடுக்கேக்கை அதுவும் சேர்ந்து கடைக்குப் போகுது எண்டதையும் யோசியுங்கோ. "நம்பரைக் கொமெண்டில போடுங்கோ" எண்டு கேக்கிற வேலையை இண்டையோட விடுங்கோ, அது போமைவிடக் கேவலம், ஊர் முழுக்கப் பாக்கும், ராவில கோல் எடுக்கிறவனுக்கு நீங்களே லிஸ்ட் அடிச்சுக் குடுத்த மாதிரி.

அந்த குரூப்பில நான் ஷீட்டை அழிக்கச் சொல்லி எழுதினன். அழிச்சுட்டார், ஆனா அதுக்குள்ள எத்தினைபேர் இறக்கினவை எண்டு அவருக்கே தெரியாது. ரெண்டு பேர் என்னோட கோபம், ஒராள் "நீ என்ன பெரிய அதிகாரியோ" எண்டு கேட்டவர். அவரின்ர தங்கச்சிக்கும் ஒட்டுசுட்டானிலதான் வீடு.

போமின்ர முதல் பக்கத்தில போடுறதுக்கு ஏத்த மாதிரியும், பிரைவசி பொலிசிக்கு ஏத்த மாதிரியும் சின்னதாத் தமிழில எழுதி வச்சிருக்கிறன். பேஜ் வச்சிருக்கிறாக்கள் வேணுமெண்டா இன்பொக்ஸில கேளுங்கோ, சும்மா தாறன். கொமெண்டில நம்பர் போடாதேங்கோ.