காது குத்தினால் மூளை வளருமா?

சென்ற மாதம் குலதெய்வக் கோயிலில் என் பேத்திக்கு முடி இறக்கிக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் இருந்த குழந்தை ஆசாரியின் கம்பி பட்டதும் வீறிட்டு, நாட்டுச் சர்க்கரையின் இனிப்பில் அடங்கியது. படங்களைக் குடும்பக் குழுவில் பகிர்ந்ததும், காதுமடலின் நரம்புப் புள்ளி தூண்டப்பட்டு மூளை வளரும் என்றொரு செய்தி வந்து விழுந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இப்படி இரவல் பெருமை தேடுவதால், நம் சடங்குகளில் உண்மையாகவே உள்ள அறிவு கண்ணில் படாமல் போகிறது என்பதே என் வருத்தம்.

அந்த அறிவு, குழந்தையை மாதக் கணக்கில் கவனித்ததால் வந்தது. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பாருங்கள். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை, நிலவை விளையாட அழைப்பது அம்புலி. தலை நிற்கிறதா, கைதட்டுகிறதா, நடக்கிறதா என்று குழந்தை மருத்துவர் கேட்பதும் ஏறத்தாழ இதே வரிசையில்தான். ஊர்கூடிச் செய்யும் சடங்கில் பத்துப் பெண்கள் குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கழுத்து நிற்காததை ஒரு பாட்டியாவது கண்டு சொல்லிவிடுவாள்.

முதன்முதலில் சோறூட்டும் சடங்கான அன்னப்பிராசனமும் அப்படியே. தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து ஆறு மாதத்துக்குப் பின் போதாது. உலக சுகாதார நிறுவனம் இணையுணவைத் தொடங்கச் சொல்வதும் அப்போதுதான். அன்னப்பிராசனத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதும் ஆறாம் மாதமே. ஆனால் நல்ல நாளும் வெளியூர் உறவினரின் விடுமுறையும் ஒத்துவரட்டும் என்று எட்டாம் மாதம்வரை சோற்றைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விழாவை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் பசி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ சங்கால் நாவில் தொட்டுவைக்கும் ‘சேனை வைப்பதை’ மட்டும் நான் ஏற்பதில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் சேரவேண்டியது சீம்பால். சர்க்கரைத் தண்ணீர் அதைத் தள்ளிப்போடும், தேனோ ஒரு வயதுவரை ஆபத்தானது. பேத்தி பிறந்தபோது என் அக்கா சங்கோடு வந்துவிட்டாள். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்களே, அந்த உரிமையை அவள் விட்டுக்கொடுப்பாளா? குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கழுவித் துடைத்த வெறும் சங்கால் உதட்டைத் தொட்டுவிட்டு, “என் குணம் போய்ச் சேர்ந்தாச்சு” என்று சங்கைப் பையில் வைத்துக்கொண்டாள்.