லைசென்ஸை எஸ்.ஐ. மட்டும்தான் கேட்கலாமா?

செங்கோட்டையிலிருந்து கேரளாவுக்கு வண்டி ஓட்டுவது பற்றி நண்பர் ஒருவர் சொன்னது சரியில்லை. ‘எஸ்.ஐ.க்குக் கீழே உள்ளவர் லைசென்ஸ் கேட்டால் காட்ட வேண்டாம், கேரளாவில் டிஜிலாக்கரும் (ஆவணங்களைப் போனில் காட்டும் அரசு ஆப்) செல்லாது’ என்கிறார். இதை நம்பி எல்லை தாண்டியதும் வரும் ஆரியங்காவில் போலீஸிடம் வாயைக் கொடுத்தால் அரைநாள் போச்சு.

மோட்டார் வாகனச் சட்டம் 130ஆவது பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்டணும். கான்ஸ்டபிளும் அதில் அடக்கம். மத்தியச் சட்டம், தமிழக எல்லையான புளியரையைத் தாண்டினால் மாறாது. நண்பர் குழப்பிக்கொண்டது ஸ்பாட் ஃபைன் விஷயத்தோடு. அதை வசூலிக்கத்தான் 200ஆவது பிரிவின்கீழ் மாநில அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி வேண்டும். பணம் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீங்க.

டிஜிலாக்கர் தாராளமாகச் செல்லும். 2018லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். போன் கேலரியில் கிடக்கும் லைசென்ஸ் போட்டோ வேறு கதை, அதை நம்பாதீங்க. ஆனாலும் கார்டு கையில் இருக்கட்டும்: போன மாசம் எல்லையோரம் கோட்டவாசல் வளைவில் ‘வண்டி ஒதுக்கு’ என்று என்னை நிறுத்தினார்கள். ஆப் சுற்றுது சுற்றுது, டவர் ஒரு கோடுகூட இல்லை. பர்ஸில் கார்டு இருந்ததால் தப்பித்தேன் (மனைவி வைத்தது, அது வேறு).

லைசென்ஸைப் பறிமுதல் செய்தால் 206ஆவது பிரிவுப்படி ஒப்புகைச் சீட்டு தரணும். அதைக் கேளுங்க, குரலை உயர்த்தாம.